அரை டன் தண்ணீர், 41 டன் எம்.ஐ.சி.: போபால் தொட்டி 610-இன் கணக்கு

பதினொன்றாம் வகுப்பில் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி (முதலில் தீர்ந்து வினையை நிறுத்திவிடும் பொருள்) பாடம் முடிந்ததும் கரும்பலகையில் நான் எழுதும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு தொட்டியில் 41 டன் மீத்தைல் ஐசோசயனேட் (எம்.ஐ.சி.) என்ற நச்சுத் திரவம் இருக்கிறது. அதற்குள் 500 கிலோ தண்ணீர் போய்விடுகிறது. இரண்டும் ஒரு மோலுக்கு ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு மோல்) என்று வினைபுரிகின்றன. தண்ணீர் முழுதும் தீர்ந்த பிறகு தொட்டியில் எவ்வளவு மிஞ்சும்?

பிள்ளைகள் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். 39 டன்னுக்கும் மேல் மிஞ்சும். சரியான விடைதான், முழு மதிப்பெண் போடலாம். அதன் பிறகுதான் அது எந்தத் தொட்டி என்று சொல்வேன். வகுப்பு அமைதியாகிவிடும்.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, போபால். யூனியன் கார்பைடு இந்தியா பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் பாதி மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்த மூன்று தொட்டிகளில் ஒன்று, எண் 610. நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் அதன் பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வாயு வெளியேறியது. தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய குடிசைகளில் மக்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். மத்தியப் பிரதேச அரசு பின்னாளில் உறுதிசெய்த சாவு எண்ணிக்கை 3,787. அதைவிடப் பல மடங்கு என்று பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள் சொல்கின்றன. உடல்நலம் கெட்டவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

இந்த விபத்தைப் பற்றிச் சட்டம், இழப்பீடு, அரசியல் எனப் பல பக்கங்களிலிருந்து எழுதியிருக்கிறார்கள். நான் வேதியியல் ஆசிரியர். எனக்குத் தெரிந்த வழியில், மோல் கணக்கு வழியாக, அந்தத் தொட்டிக்குள் இறங்கிப் பார்க்கிறேன். கரும்பலகைக் கணக்கு சரியாக இருந்தும் அந்த 39 டன் ஏன் தொட்டிக்குள் தங்கவில்லை என்பதுதான் கேள்வி.

சமன்பாடு

மீத்தைல் ஐசோசயனேட்டை எல்லோரும் சுருக்கமாக எம்.ஐ.சி. என்றே சொல்வார்கள். சிறிய மூலக்கூறு: கார்பன் 2, ஹைட்ரஜன் 3, நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 1. மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 57 கிராம். 39 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஆவி காற்றைப்போல் இரண்டு மடங்கு கனம், அதனால் மேலே போகாமல் தரையோடு தவழும். அன்றிரவு பாயில் படுத்திருந்தவர்களை அது முதலில் தொட்டதற்கு இந்த எண்ணும் ஒரு காரணம்.

தண்ணீரோடு அது சேரும்போது முதலில் நடப்பது இது:

1 எம்.ஐ.சி. + 1 நீர் → 1 மீத்தைல் அமீன் + 1 கார்பன் டை ஆக்சைடு

அணுக்களை எண்ணிப் பார்ப்போம். இடப்பக்கம் கார்பன் 2, ஹைட்ரஜன் 5, நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 2. வலப்பக்கம் மீத்தைல் அமீனில் கார்பன் 1, ஹைட்ரஜன் 5, நைட்ரஜன் 1. கார்பன் டை ஆக்சைடில் கார்பன் 1, ஆக்சிஜன் 2. சமன். கெழு எதையும் மாற்ற வேண்டியதில்லை. வகுப்பில் இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும்.

ஆனால் அந்த மீத்தைல் அமீன் சும்மா இருக்காது. சுற்றிலும் டன் கணக்கில் எம்.ஐ.சி. இருக்கிறதே, பிறந்த கையோடு அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு டைமீத்தைல் யூரியா ஆகிவிடும். இரண்டு படிகளையும் கூட்டினால்:

2 எம்.ஐ.சி. + 1 நீர் → 1 டைமீத்தைல் யூரியா + 1 கார்பன் டை ஆக்சைடு

டைமீத்தைல் யூரியாவும் இன்னொரு எம்.ஐ.சி.யைச் சேர்த்துக்கொண்டு ட்ரைமீத்தைல் பையூரெட் ஆகலாம். அப்போது ஒரு நீருக்கு மூன்று எம்.ஐ.சி. ஆக, "எம்.ஐ.சி.யும் நீரும் வினைபுரிகின்றன" என்ற ஒரே வாக்கியத்துக்கு 1:1, 2:1, 3:1 என்று சமன்செய்த சமன்பாடுகள் மூன்று. எதில் எது மிகுதியாக இருக்கிறது என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். தண்ணீர் ஏராளமாக இருந்து எம்.ஐ.சி. கொஞ்சமாக இருந்தால் முதல் சமன்பாட்டுக்கு அருகில் நிற்கும். போபாலில் நிலைமை நேர் எதிர். என் கரும்பலகைக் கணக்கில் 1:1 என்று நானே கொடுத்துவிடுகிறேன். மாணவர்கள் அதைக் கேள்வி கேட்பதில்லை. சமன்செய்த சமன்பாடு கையில் கிடைத்துவிட்டால், அந்தச் சூழலுக்கு அது பொருந்துமா என்று யோசிக்கும் பழக்கம் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை.

எவ்வளவு தண்ணீர்?

41 டன் எம்.ஐ.சி. என்றால் 4 கோடியே 10 லட்சம் கிராம். 57-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7 லட்சத்து 19 ஆயிரம் மோல். ஒன்றுக்கு ஒன்று என்று இதைத் தீர்க்க 13 டன் தண்ணீர் வேண்டும். மூன்றுக்கு ஒன்று என்ற சிக்கனமான விகிதத்திலும் 4.3 டன் வேண்டும்.

உள்ளே போனது அவ்வளவு இல்லை. விபத்துக்குப் பிறகு அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை இயக்குநராக இருந்த எஸ். வரதராஜன் தலைமையில் இந்திய விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அவர்கள் சொன்ன அளவு சுமார் 500 கிலோ. நிறுவனம் தன் ஆய்வில் சொன்னது சுமார் 450 முதல் 900 கிலோ. தண்ணீர் எப்படி வந்தது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. அன்றிரவு அடைத்திருந்த குழாய்களைத் தண்ணீர் விட்டுக் கழுவியபோது, தடுப்புத் தகடு செருகாமல் விட்டதால் தண்ணீர் ஓடி வந்து சேர்ந்தது என்பது ஒன்று. யாரோ வேண்டுமென்றே நேரடியாகத் தொட்டிக்குள் விட்டார்கள் என்பது நிறுவனத்தின் வாதம். வழி எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

இந்த 500 கிலோ என்ற எண் எப்படிக் கிடைத்தது என்பதை மாணவர்களிடம் தவறாமல் சொல்வேன். தண்ணீர் போனதை அளந்து குறித்தவர் யாரும் இல்லை. தொட்டிக்குள் மிஞ்சிய கசடைத் தோண்டியெடுத்து, அதில் எந்தெந்தச் சேர்மம் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்து, விளைபொருளிலிருந்து வினைபடு பொருளுக்குப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். இன்ன அளவு டைமீத்தைல் யூரியாவும் ட்ரைமீத்தைல் பையூரெட்டும் உருவாகியிருந்தால் இன்ன அளவு நீர் போயிருக்க வேண்டும். நாம் தேர்வில் இடமிருந்து வலமாகப் போடும் அதே கணக்கை வலமிருந்து இடமாகப் போட்டார்கள். சாட்சி சொல்ல ஆளில்லாத இடத்தில் அணுக்கள் சாட்சி சொல்லின.

500 கிலோ நீர் என்பது சுமார் 27,800 மோல். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அது 55,600 மோல் எம்.ஐ.சி.யைத் தின்னும், அதாவது 3.2 டன். மூன்றுக்கு ஒன்று என்றால் 4.75 டன். எப்படிப் பார்த்தாலும் தொட்டியில் இருந்ததில் எட்டில் ஒரு பங்கைக்கூடத் தாண்டவில்லை. நீர்தான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. அது தீர்ந்ததும் வினை நிற்க வேண்டும்.

பாடப்புத்தகம் இங்கேதான் கோடு போட்டு விடை எழுதும்.

கோட்டுக்குக் கீழே

இந்த வினை வெப்ப உமிழ்வினை. வினைபுரியும் ஒவ்வொரு கிராம் எம்.ஐ.சி.க்கும் சுமார் 1,360 ஜூல் வெப்பம் வெளியாகிறது. சமன்பாட்டில் வலப்பக்கம் எழுதாமல் விட்டுவிடுகிறோமே, அந்த வெப்பத்தையும் ஒரு விளைபொருளாக எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம்.

3.2 டன் எம்.ஐ.சி. டைமீத்தைல் யூரியாவாக மாறினால் வரும் வெப்பம் சுமார் 43 லட்சம் கிலோஜூல். இது மீதமுள்ள திரவத்தைத்தானே சூடாக்கும்? கரிமத் திரவங்களில் பெரும்பாலானவற்றை ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரி சூடேற்ற 2 கிலோஜூல் அளவுக்கு வேண்டும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 41 டன்னை ஒரு டிகிரி உயர்த்த 82,000 கிலோஜூல். 43 லட்சத்தை 82,000-ஆல் வகுத்தால் 52 டிகிரி.

தொட்டி அன்றைக்கு 15-இலிருந்து 20 டிகிரிக்குள் இருந்தது. கொதிநிலை 39. இடைவெளி இருபது டிகிரி சொச்சம்தான். 52 டிகிரி உயர்வதற்கு வழி இருக்கும் இடத்தில் அந்த இடைவெளி எம்மாத்திரம்? இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 18 டிகிரியிலிருந்து 39 வரை தொட்டி முழுவதையும் கொண்டுபோக எவ்வளவு தண்ணீர் போதும்? சுமார் 200 கிலோ, அதாவது ஒரு பேரல் தண்ணீர். நம் தெருவில் லாரித் தண்ணீர் பிடித்து வைக்கிறோமே, அந்த நீல டிரம் ஒன்று.

இது தோராயக் கணக்குதான். வெப்பம் தொட்டிச் சுவரில் கொஞ்சம் போகும், ஆவியாவதற்குக் கொஞ்சம் செலவாகும், மூடிய தொட்டியில் அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். இவற்றையெல்லாம் சேர்த்துக்கொண்டாலும் முடிவு திசைமாறாது. எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக வினைபுரிந்து, மீதி முழுவதையும் கொதிநிலைக்குத் தள்ளும் அளவு வெப்பம் அந்த நீருக்குள் ஒளிந்திருந்தது.

அடுத்தது வாயு. எந்த விகிதத்தை எடுத்தாலும் ஒரு மோல் நீருக்கு ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு. 27,800 மோல் வாயு, அறை வெப்பநிலையில் சாதாரண அழுத்தத்தில் சுமார் 680 கன மீட்டர். தொட்டியின் மொத்தக் கொள்ளளவு 68 கன மீட்டர். அதில் 43 கன மீட்டரை ஏற்கெனவே திரவம் பிடித்துக்கொண்டிருந்தது. தொட்டி பாதிக்கு மேல் நிரம்பக்கூடாது என்று நிறுவனத்தின் விதியே சொன்னது. அன்றைக்குப் பாதியைத் தாண்டி நிரம்பியிருந்தது. மிஞ்சிய 25 கன மீட்டர் இடத்துக்குள் 680 கன மீட்டர் வாயு புகுந்தாக வேண்டும். இரவு 10:20-க்கு 2 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) காட்டிய அழுத்தமானி 11 மணிக்கு 10 காட்டியது. 10 என்பது வழக்கமான எல்லைக்குள்தான், அதனால் பணி மாறி வந்தவருக்கு அது உறுத்தவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு முள் அளவுகோலின் விளிம்பைத் தாண்டிவிட்டது.

நீர் தேவைப்படாத வினை

வெப்பமும் வாயுவும் மட்டும் என்றால் தொட்டி கொதித்து, கொஞ்சம் பீறிட்டு, அடங்கியிருக்கக்கூடும். அடங்க விடாமல் செய்தது வேறொரு சமன்பாடு:

3 எம்.ஐ.சி. → 1 எம்.ஐ.சி. முப்படி

மூன்று மூலக்கூறுகள் கைகோத்து வளையமாகி ஒரே மூலக்கூறு ஆகின்றன. அணு எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம், இடப்பக்கம் இருந்தது அப்படியே வலப்பக்கம். இதில் நீர் இல்லை. நீர் தீர்ந்துவிட்டதா இல்லையா என்பது இதற்கு ஒரு பொருட்டே அல்ல. இதுவும் வெப்ப உமிழ்வினை, கிராமுக்கு ஏறத்தாழ 1,250 ஜூல். தொட்டியில் இருப்பதெல்லாம் இதற்கு வினைபடு பொருள்தான்.

குளிர்ந்த, தூய்மையான எம்.ஐ.சி.யில் இது லேசில் தொடங்காது. சூடும் வினையூக்கியும் வேண்டும். சூட்டைத் தண்ணீர் கொடுத்தது. வினையூக்கி? தயாரிப்பில் கரைப்பானாகப் பயன்பட்ட குளோரோஃபார்ம், அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு அந்தத் தொட்டியில் தங்கியிருந்தது. சூடும் நீரும் சேர்ந்தபோது அதிலிருந்து அமிலம் வந்து தொட்டியின் எஃகை அரித்தது. அரிப்பில் வந்த இரும்பு முப்படியாக்கத்தைத் தூண்டியது. கசடில் இரும்பும் குளோரைடும் இருந்ததையும் முப்படியே பெரும்பங்கு இருந்ததையும் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

ஒரு சோதனை போட்டுப் பார்ப்போம். வினைபுரியாமலே வெளியேறிய எம்.ஐ.சி. 24 டன்னுக்குச் சற்று மேல் என்பது நிறுவனத்தின் மதிப்பீடு. அதைவிட அதிகம் என்று சொல்வோரும் உண்டு. நிறுவனத்தின் எண்ணையே எடுத்துக்கொண்டாலும், 41-இல் 24 போக மீதி 17 டன் எங்கோ வினைபுரிந்திருக்க வேண்டும். 500 கிலோ நீரால் அதிகபட்சம் 4.75 டன்னுக்குத்தான் கணக்குச் சொல்ல முடியும். மிச்சம் 12 டன்னுக்கு நீர் பொறுப்பாக முடியாது. அந்த இடத்தில்தான் முப்படி வந்து உட்காருகிறது. நிறுவனம் சொன்ன 900 கிலோ நீரை எடுத்தாலும் 8.5 டன் வரைதான் போகும், இடைவெளி மூடாது. இந்தக் கழித்தல் கணக்கை முதன்முதலாகப் போட்ட நாளில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்பது அந்த ஒரு சமன்பாட்டுக்கு மட்டுமே கட்டுப்பாடு. தொட்டிக்குள் எத்தனை சமன்பாடுகள் காத்திருக்கின்றன என்பதை அது சொல்லாது.

தடுத்திருக்க வேண்டியவை

தொட்டியை 0 டிகிரி அருகில் வைக்கக் குளிரூட்டி ஒன்று இருந்தது. 1984 ஜூனிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். மோல் கணக்கில் குளிரூட்டிக்கு இடமே இல்லை. 0 டிகிரியிலும் 20 டிகிரியிலும் சமன்பாடு ஒன்றுதான். ஆனால் குளிரில் வினைவேகம் மந்தமாகும், வரும் வெப்பத்தை வெளியே எடுத்துப்போகவும் வழி இருக்கும், தொட்டி கொதிநிலையை எட்டக் கூடுதல் நேரம் பிடிக்கும். பல மணி நேரம் கிடைத்திருந்தால் ஊரை எழுப்பியிருக்கலாம். வெளியேறும் வாயுவை எரிக்கும் கோபுரமும் அன்று பயன்பாட்டில் இல்லை. அதற்குப் போகும் குழாயில் ஒரு துண்டைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள்.

சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் வாயுவைக் கழுவும் சாதனம் ஒன்றும் இருந்தது. அதன் சமன்பாடு:

1 எம்.ஐ.சி. + 2 சோடியம் ஹைட்ராக்சைடு → 1 மீத்தைல் அமீன் + 1 சோடியம் கார்பனேட்

அழகான வினை. 57 கிராமுக்கு 80 கிராம் காரம். 24 டன்னுக்கு? 34 டன் காரம். 10 சதவீதக் கரைசலாக எடுத்தால் 340 டன் கரைசல். இரண்டு மணி நேரத்துக்குள் அத்தனையும் அந்த வாயுவோடு நன்றாகக் கலக்க வேண்டும். அந்தச் சாதனம் சிறு கசிவுகளைச் சமாளிக்கக் கட்டியது. ஒரு தொட்டியே வாயுவாக மாறிக் கிளம்பி வந்தால் தாங்கக் கட்டியதல்ல. அன்று அது முழுமூச்சாக ஓடியிருந்தாலும் இந்த எண்கள் மாறியிருக்காது. இதைக் காகிதத்தில் கண்டுபிடிக்க ஒரு பிளஸ் ஒன் மாணவருக்குக் கால் மணி நேரம் போதும். தொழிற்சாலை கட்டும் முன்பே யாரேனும் அந்தக் கால் மணி நேரத்தைச் செலவிட்டு, விடையை உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரே மொத்தம், இரண்டு வழி

அங்கே தயாரித்த பூச்சிமருந்து செவின். வேதிப்பெயர் கார்பரில். அதற்கு மூன்று பொருட்கள் வேண்டும்: மீத்தைல் அமீன், பாஸ்ஜீன், நாப்தால். போபால் வழியில் முதல் இரண்டையும் முதலில் சேர்த்து எம்.ஐ.சி. செய்து, தொட்டியில் சேமித்து, பிறகு நாப்தாலோடு சேர்த்தார்கள். பாஸ்ஜீனை முதலில் நாப்தாலோடு சேர்த்து, கடைசியில் மீத்தைல் அமீனைச் சேர்க்கும் வழியும் உண்டு. அதில் எம்.ஐ.சி. என்ற பொருளே நடுவில் வருவதில்லை.

இரண்டு வழிக்கும் ஒட்டுமொத்தச் சமன்பாட்டை எழுதிப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்:

1 மீத்தைல் அமீன் + 1 பாஸ்ஜீன் + 1 நாப்தால் → 1 கார்பரில் + 2 ஹைட்ரஜன் குளோரைடு

மாற்று வழியிலும் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டு. ஆபத்தே இல்லாத வழி என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் ஓரமாக 41 டன் எம்.ஐ.சி.யைத் தேக்கி வைக்க அந்த வழியில் தேவை இல்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாகவே இருக்க, நடுவிலே எந்தப் பொருள் எத்தனை நாள் எந்தத் தொட்டியில் கிடக்கிறது என்பதில் அத்தனை வேறுபாடு.

மிஞ்சிய தொட்டி

610 காலியான பிறகும் பக்கத்துத் தொட்டியில் எம்.ஐ.சி. டன் கணக்கில் இருந்தது. அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு வரதராஜன் குழு எடுத்த முடிவு: அதையும் செவினாக மாற்றித் தீர்த்துவிடுவது. 1984 டிசம்பர் 16-ஆம் தேதி தொழிற்சாலையை மறுபடி இயக்கினார்கள். நம்பிக்கை நடவடிக்கை என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கு நம்பிக்கை வரவில்லை. பெருந்திரளான மக்கள் அதற்கு முன்பே போபாலை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். தொழிற்சாலை வேலியில் ஈரச் சாக்குகளைக் கட்டினார்கள், மேலே ஹெலிகாப்டர்கள் தண்ணீர் தெளித்தன.

அந்தக் கணக்கை வகுப்பின் கடைசிக் கேள்வியாகக் கொடுப்பேன். 15 டன் எம்.ஐ.சி. இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாப்தாலின் மோலார் நிறை 144, கார்பரிலின் மோலார் நிறை 201, விகிதம் ஒன்றுக்கு ஒன்று. 15 டன்னைத் தீர்க்க ஏறத்தாழ 38 டன் நாப்தால் வேண்டும். கிடைப்பது 53 டன் கார்பரில். இம்முறை எம்.ஐ.சி.தான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணியாக இருக்க வேண்டும், நாப்தால் மிஞ்ச வேண்டும். ஏன் அப்படி என்று கேட்பேன். அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.